காதுக்குள் இருப்பவன்

செண்பகவல்லி தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தால், காதுக்குள் இருப்பவன் பேச ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். சைலப்பனுக்கு அந்தச் சாய்வு மனப்பாடம். முதலில் கண் ஓரிடத்தில் நிலைக்கும். பிறகு தலை சாயும். அப்புறம் காய்ச்சல் விட்ட மாதிரி தோள் இரண்டும் இறங்கும். சில நாட்களில் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கட்டிய புருஷன் எதிரே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறான், அவள் வேறு எவனுக்கோ சிரிக்கிறாள்.

"இன்னைக்கு வர லேட்டாவும். ரெண்டு பஸ்ஸுக்கு பேட்டரி மாத்தணும்," என்றான். வேண்டுமென்றேதான் சொன்னான்.

போன வருஷம் என்றால் இந்த வாக்கியத்துக்குச் சாம்பார் கிண்ணம் பறந்திருக்கும். "யாரைப் பாக்கப் போறீய?" என்று தொடங்கி, "என்னைய விட்டுட்டுப் போகத்தான வழி பாக்குதீய?" என்று முடியும். மின்பேருந்துப் பணிமனையின் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து அழுத நாளும் உண்டு. இப்போது அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. தலை சாய்ந்தது. தோள் இறங்கியது.

"சரி, சாப்பாடு கூட ஒரு கை வைக்கேன்," என்றவள், எழுந்து போய் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

இது இன்னொரு வயிற்றெரிச்சல். அவன் பேசி முடித்த பிறகு பல நாட்களில் இவள் போய் அடுப்பைப் பார்ப்பாள். என் வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்ல அவன் யார் என்று நினைத்துக்கொண்டே சைலப்பன் மிச்ச இட்லியைத் தள்ளி வைத்தான்.

அவள் இடது காதுக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவில் ஒரு முத்து ஒட்டியிருந்தது. பாளையங்கோட்டைக்கு வெளியே புதிதாக வந்த ஆளுமை ஆய்வு மையத்தில் வைத்துவிட்டது அது. டாக்டர் எப்சிபா முதல் நாளே இருவரையும் எதிரில் உட்கார வைத்து விளக்கியிருந்தார்.

"பிடிச்சவங்க வெளிய போனாலும், அவங்க நமக்கு இருக்காங்கன்னு உங்க மனசும் என் மனசும் கெட்டியா பிடிச்சு வச்சிக்கும். செண்பகவல்லிக்கு அந்தப் பிடி நழுவிருது. நீங்க வாசலைத் தாண்டினா ஆளே இல்லாம போயிட்ட மாதிரி பயம். அந்தப் பயந்தான் கோபமா வருது, சந்தேகமா வருது. இது திமிரும் இல்ல, நடிப்பும் இல்ல. எல்லைநிலை ஆளுமைக் கோளாறுன்னு பேரு. பேசிப் பேசிப் பழக்கினா சரியாவுது. ஆனா பயம் வர்ற அந்த நிமிஷத்துல பக்கத்துல நாங்க இருக்க மாட்டோமே. இந்த முத்து அந்த நிமிஷத்தைக் கண்டுபிடிச்சு, அவங்க நம்புற ஒரு குரல்ல நாலு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான்."

"யாரு குரலு?" என்றான் சைலப்பன்.

"அதை அவங்க தேர்ந்தெடுப்பாங்க. உங்களுக்குச் சொல்ல மாட்டோம். அவங்களும் சொல்லக் கூடாது. ஏன்னா நீங்கதான் அறிந்தவர்."

ஆய்வில் அவனுடைய உத்தியோகப் பெயர் அது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாத மாதிரி, தன் குணத்தைத் தானே அளப்பது யாருக்கும் கஷ்டம் என்றார் டாக்டர். முத்துக்குப் பயம் மட்டும்தான் தெரியும், வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாது. அதனால் கூட இருக்கிற ஒருவரைத் தேர்ந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் கேட்பார்கள். அவர் சொல்வதை வைத்துத்தான் முத்து எவ்வளவு பேச வேண்டும் என்று முடிவாகும். "குரல் யாருதுன்னு தெரிஞ்சா உங்க பதில் ஒரு பக்கமா சாஞ்சிரும்," என்று டாக்டர் சிரித்தார்.

செண்பகவல்லிக்கு நெருங்கியவர்கள் எல்லோரையும் அழைத்துக் குரலைப் பதிவு செய்தார்கள். சைலப்பனும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கொடுத்ததையெல்லாம் வாசித்தான். தன் குரலை அவள் எடுப்பாள் என்ற நினைப்பு அவனுக்குத் துளியும் இல்லை. அன்று காலையில்தான், "உங்க குரலைக் கேட்டாலே எரியுது," என்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருந்தாள். அவனுக்குப் பிறகு அந்த அறைக்குள் போனவன் குற்றாலநாதன்.

குற்றாலநாதன் அவளுடைய தாய்மாமன் மகன். முறைக்காரன். ஜாதகம் பொருந்தியிருந்தால் அவன்தான் அவளைக் கட்டியிருப்பான், இது இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். இப்போது உள்ளூர் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறான். மழை வரும் என்று அவன் சொன்னால் வராத மழையும் கூச்சப்பட்டு வந்துவிடும், அப்படி ஒரு குரல். அறையிலிருந்து வெளியே வந்தவன், "அத்தான், என்னென்னமோ வாசிக்கச் சொல்லுதாவ," என்று சிரித்தான். அன்றிலிருந்து சைலப்பன் தன் வீட்டு வானொலியைப் பேச விடவில்லை. வானொலியை அணைத்துவிடலாம், காதை என்ன செய்வது?

மகள் நிறைமதியை நினைத்துத்தான் இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டிருந்தான். அவள் தென்காசியில் சைலப்பனின் அக்கா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். தாயின் சத்தத்துக்குப் பயந்து பிள்ளை இரவில் படுக்கையை நனைக்க ஆரம்பித்த பிறகு அங்கே கொண்டுபோய் விட்டார்கள். செண்பகவல்லி இப்படியே அமைதியாக இருந்தால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வீட்டுக்கே அழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளுக்கென்று ஓர் அலமாரியைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தாள் அவள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நல்லபடியாகப் போனதுதான் சைலப்பனுக்குப் பிரச்சினை.

"என்ன அண்ணாச்சி, மேலிடத்துலருந்து இப்பல்லாம் உத்தரவே வரக் காணோமே?" என்று பணிமனையில் கூட வேலை பார்க்கும் இசக்கிராஜ் கேட்டான். முன்பெல்லாம் சைலப்பனின் போன் ஓயாது. எங்க இருக்கீய, யாரு பக்கத்துல, எப்ப வருவீய. பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே பதில் சொல்வான். இந்தப் போன் தொல்லையைச் சொல்லி அவன் புலம்பாத ஆள் பணிமனையில் இல்லை. இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை போன் வாயே திறக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று இசக்கிராஜின் போனிலிருந்து ஒரு நாள் தனக்கே அடித்துப் பார்த்தான். நன்றாகத்தான் அடித்தது.

தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளை எல்லாம் அவள் இப்போது காதுக்குள் இருப்பவனிடம் கேட்கிறாள் என்று தோன்றியது. தனக்கு வேண்டாத பாரம்தான். ஆனாலும் அதை இன்னொருவன் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த முறை டாக்டர் போன் செய்தபோது சைலப்பன் துணிந்துவிட்டான்.

"கோபம் எப்படி இருக்கு?"

"கூடியிருக்கு டாக்டர்."

"சந்தேகம்?"

"அதுவும்தான். என்கிட்ட எதையோ மறைக்கா. முகங்குடுத்துப் பேச மாட்டேங்கா." கடைசி இரண்டும் பொய் இல்லை என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான். இந்தச் சிகிச்சை சரிப்படவில்லை என்று முத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது அவன் கணக்கு.

முத்தை யாரும் பிடுங்கவில்லை. மாறாக, செண்பகவல்லியின் தலை முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. துணி காயப்போடும்போது சாய்ந்தது, பூக்காரியிடம் பேரம் பேசும்போது சாய்ந்தது. அடுத்த முறை அவன் இன்னும் கொஞ்சம் காரமாகச் சொன்னான். "புரியுது. போன தடவை நீங்க சொன்னதை வச்சுத்தான் முத்து பேசுற அளவைக் கூட்டினோம். இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாப்போம்," என்றார் டாக்டர். சைலப்பன் போனை வைத்தான். தன் கையாலேயே குற்றாலநாதனுக்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு பாட்டை மாற்றினான். "நம்பவே முடியல டாக்டர். சொக்கத் தங்கமாயிட்டா. முத்து இல்லாமலே இருந்துருவா."

டாக்டர் சந்தோஷப்பட்டார். படிப்படியாகக் குறைக்கலாம் என்றார். சைலப்பன் விடவில்லை. பிள்ளை வரப்போகிற நேரம், முத்து இல்லாமல் அவள் எப்படி இருக்கிறாள் என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டாமா என்றான். கடைசியில் டாக்டர் அரைமனதாக ஒப்புக்கொண்டார். "ஒரு வாரம் நிறுத்திப் பாப்போம். சின்ன மாற்றம் தெரிஞ்சாலும் உடனே என்னைக் கூப்பிடணும். இந்த ஒரு வாரம் நீங்கதான் அவங்களுக்குக் காவல்."

செண்பகவல்லியிடமும் சொன்னார்கள். அன்று சாயங்காலம் அவள் சைலப்பனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி வைத்தாள். "நான் முத்து இல்லாம இருந்துருவேன்னு நீங்களா சொன்னிய?" என்று கேட்டாள். கேட்கும்போது கண் கலங்கியிருந்தது. "என் மேல அம்புட்டு நம்பிக்கையா?"

"பின்ன?" என்றான் சைலப்பன். சொதி ருசியாக இருந்தது. கூச்சமில்லாமல் இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

முத்து வாயை மூடிய மறுநாளே அவனுடைய போன் அடித்தது. பஸ்ஸுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்து எடுத்தான்.

"எங்க இருக்கீய?"

"பணிமனையிலதான்."

"எப்ப வருவீய?"

"வேல முடிஞ்சதும்."

மணியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தான். சிறிது நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. சைலப்பன் போனை பஸ் படிக்கட்டில் நிமிர்த்தி வைத்து, அதில் அவள் பெயர் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பெண்டாட்டி தன்னைத் தேடுகிறாள். அவனை இல்லை, தன்னை.

"எடுங்க அண்ணாச்சி," என்றான் இசக்கிராஜ்.

"அடிக்கட்டும். இன்னும் ரெண்டு தடவை அடிக்கட்டும்."

மத்தியானத்துக்குப் பிறகு போன் அடங்கிவிட்டது. களைத்திருப்பாள் என்று நினைத்தான். அப்புறம் வந்த அழைப்பு தென்காசியிலிருந்து, அக்கா.

"தம்பி, செண்பகம் இங்க வந்து நிக்கா. நீ அவளை விட்டுட்டுப் போயிட்டியாம், பிள்ளையையும் நாங்க பிடுங்கிக்கிட்டோமாம், ஒரே சத்தம். நான் பயந்து கதவைத் தொறக்கல. சன்னல் கண்ணாடியைக் கையால அடிச்சு உடைச்சுப்புட்டா. ரத்தமா போவுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாவ." அக்கா மூச்சு வாங்கினாள். "பிள்ளை கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுகிட்டு வர மாட்டேங்கு. நீ வா."

அவன் போய்ச் சேர்ந்தபோது காயத்துக்குத் தையல் போட்டு முடித்திருந்தார்கள். செண்பகவல்லி கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். டாக்டர் எப்சிபாவும் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். சைலப்பனை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அவர் முகம் வாடியிருந்தது.

"முழுசா நல்லாயிட்டாங்கன்னு அறிந்தவர் சொல்றார், முத்தை நிறுத்தின மறுநாளே இப்படி விழுறாங்க. அப்படின்னா இந்த முத்து இவங்களுக்குள்ள எதையும் மாத்தலன்னுதான் அர்த்தம். வெளிப்பூச்சு மட்டும்தான் நடந்திருக்கு. நான் இவங்களை ஆய்விலிருந்து விலக்கணும். முத்தை எடுத்துருவோம். பிள்ளை விஷயத்தை இப்போதைக்குப் பேச வேண்டாம். உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

சொல்லாமல் இருந்தால் போதும். இத்தனை நாளாக ஆசைப்பட்டது தானாக நடந்துவிடும். காதுக்குள் இருப்பவன் ஒழிவான். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. தலையை ஆட்டக்கூட வேண்டாம்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே செண்பகவல்லியின் கண் ஓரிடத்தில் நிலைத்திருந்தது. தலை இடப்பக்கம் சாய்ந்தது. அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை போல. தலையை நிமிர்த்தி, காதை லேசாகத் தடவிவிட்டு, மறுபடியும் சாய்த்தாள். மறுபடியும் காத்திருந்தாள். தோள் இறங்கவே இல்லை.

அவன் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"டாக்டர், நான் சொன்னதெல்லாம் பொய்," என்றான் சைலப்பன். "நல்லா இருந்தப்ப மோசம்னு சொன்னேன். அப்புறம் குரலை நிப்பாட்டணும்னு சொக்கத் தங்கம்னு சொன்னேன். இன்னைக்கு அவ போன் அடிச்சப்ப எடுக்காம பாத்துக்கிட்டு நின்னேன். முத்து நல்லாத்தான் வேலை செஞ்சுது. அவளை விலக்கிராதீங்க."

டாக்டர் அவனை உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான்.

"யாரு குரல்னு நினைச்சீங்க?"

"குற்றாலநாதன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். தன் போனை எடுத்து எதையோ தேடி, அவன் காதருகே பிடித்தார். ஓர் ஆண்குரல் பேசியது. பதறாத, அவசரப்படாத குரல்.

"ஏ செண்பா, நான் எங்க போயிரப் போறேன்? பணிமனையிலதான் இருக்கேன். ஆறு மணிக்கு வந்துருவேன். அடுப்பை அணைச்சிட்டியா?"

குரலைவிட அந்த அடுப்பைத்தான் அவன் முதலில் அடையாளம் கண்டான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், போனில் அழுதுகொண்டே நின்று சோற்றுப் பானையைக் கருக விட்டுவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு அழைப்பையும் அந்தக் கேள்வியோடுதான் முடிப்பான். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, அணைச்சாச்சு என்று சிரிப்பாள். அந்தக் கேள்வியை எப்போது நிறுத்தினான் என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை.

"குரல் உங்களுது. நீங்க வாசிச்சதை வச்சு முத்து உங்களை மாதிரியே பேசும். சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவங்கதான் சொல்லித் தந்தாங்க," என்றார் டாக்டர். "எங்க தப்பும் இருக்கு. உங்க பதில் சாயக் கூடாதுன்னு மறைச்சோம். கட்டின பெண்டாட்டி காதுல யாரோ பேசுறாங்கன்னு மட்டும் சொல்லி, யாருன்னு சொல்லாம விட்டா ஒரு மனுஷன் என்ன ஆவான்னு நாங்க அளக்கவே இல்ல."

செண்பகவல்லியிடம் சைலப்பனே சொன்னான். டாக்டர் பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும் வரை அவள் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் அடிச்சப்ப கையிலயா வச்சிருந்திய?"

"முன்னாலதான் இருந்துச்சு."

"பாத்துக்கிட்டே இருந்தியளா?"

"ஆமா."

அவள் கட்டுத்துணியின் நுனியை உள்ளே செருகிவிட்டுக்கொண்டாள். சாம்பார் கிண்ணம் பறந்திருந்தால் தேவலை என்று சைலப்பனுக்கு இருந்தது.

"இன்னைக்கே முத்தைத் திரும்ப ஆரம்பிச்சிரலாம். அதே குரல்," என்றார் டாக்டர்.

"அந்தக் குரல் வேண்டாம் டாக்டர்." செண்பகவல்லி நிதானமாகத்தான் சொன்னாள். "ஆறு மணிக்கு வந்துருவேன்னு அது சொன்னா இனிமே எனக்குள்ள எறங்காது. ஊர் முழுக்கப் பொய் சொன்னாலும் அது சொல்லாதுன்னுதான் அதை எடுத்தேன்."

சைலப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஆக, இப்போதுதான் குற்றாலநாதன் வரப்போகிறான். அதுவும் தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டவனாக.

"வேற யாரு குரலை வைக்கலாம்?"

"நானே வாசிக்கேன்."

"இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல," என்றார் டாக்டர். பிறகு, "வாசிச்சுப் பாப்போம். அறிந்தவரையும் மாத்திரலாமா?" என்று கேட்டார்.

அவள் அப்போதுதான் சைலப்பனை நிமிர்ந்து பார்த்தாள். "அவியளே இருக்கட்டும். ஒளிக்கதுக்கு இனி ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணும் இல்லல்லா."

ஜூன் வந்தது, போனது. நிறைமதி வரவில்லை. செண்பகவல்லி சனிக்கிழமைதோறும் தென்காசிக்குப் போனாள். முதலில் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. அப்புறம் வாசல் வரைக்கும் வந்தது. போன வாரம் அம்மாவின் கைத்தழும்பைத் தொட்டுப் பார்த்து, வலிக்குதா என்று கேட்டதாம். இதைச் சொல்லும்போது செண்பகவல்லியின் தலை சாய்ந்தது, தோள் இறங்கியது, அந்தச் சிரிப்பும் வந்தது. யாருக்குச் சிரிக்கிறாள் என்பது சைலப்பனுக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. குற்றாலநாதன் என்றால் அடித்து விரட்டலாம். இவளிடமிருந்து இவளை எப்படி விரட்டுவது?

இந்தச் சனிக்கிழமையும் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆறு மணிக்கு வந்துருவேன்," என்றாள்.

மத்தியானம் டாக்டர் எப்சிபா போன் செய்தார்.

"கோபம் எப்படி இருக்கு?"

"இருக்கு. என் மேல. அது நியாயமான கோபந்தான் டாக்டர், அதைக் கணக்குல சேக்காதீங்க."

"வெளிய போனா உங்களைக் கூப்பிடுறாங்களா?"

"இல்ல."

"அதைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?"

கையிலிருந்த போனை அவன் ஒரு கணம் விலக்கிப் பிடித்தான். ஒரு சின்னப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினான்.

"அவ நல்லா இருக்கா," என்றான்.

ஆறு மணி ஆயிற்று. செண்பகவல்லி வரவில்லை. தென்காசி பஸ் தாமதமாகியிருக்கும். சைலப்பன் வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான். போனை எடுத்தான். எங்கே இருக்கிறாய், யார் பக்கத்தில், எப்போது வருவாய். அடிக்காமல் கீழே வைத்தான். அக்கா பிடித்து வைத்துக்கொண்டாளோ, இல்லை இவளே அங்கே இருந்துவிட முடிவு செய்துவிட்டாளோ. தெருமுனையில் ஒரு பஸ் நின்றுவிட்டுப் போனது. யாரும் இறங்கி வரவில்லை. இனி வரவே மாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அவன் கண் ஓரிடத்தில் நிலைத்தது. தலை தானாக இடப்பக்கம் சாய்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். காதுக்குள் யாரும் பேசவில்லை.

பிறகு உள்ளே போய், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தான்.